மண்ணில் ஏதாவது முளைக்குமா?

எங்கள் ஊர் கொட்டச்சேட்டில் "வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வந்து பேசறாரு" என்றால் அது மூன்று விஷயங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். தேர்தல், சாமி, காபி. இதில் காபிக்குத்தான் கூட்டம் அதிகம். ஓட்டு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை, சாமி எப்படியும் மன்னித்துவிடும், காபிச் செடி மன்னிக்காது.

நான் ஏழாவது படிக்கும்போது ஓர் அதிகாரி வந்து வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பற்றிப் பேசினார். அராபிகா செடியின் தண்டுக்குள் புகுந்து குடைந்துகொண்டே போகும் ஒரு வண்டின் புழு அது. வெளியே பார்த்தால் செடி நன்றாகத்தான் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நிழலைக் குறைக்காதீர்கள், தண்டின் பட்டையைத் தேய்த்து விடுங்கள், பூச்சி விழுந்த செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள் என்று சார்ட் வைத்து விளக்கினார். முடித்ததும் எங்கள் தாத்தா எழுந்து நின்றார்.

"எரிச்சுடறோம் சாமி. புதுசா வெக்கற செடி காய்க்க நாலு வருசம் ஆவும். அதுவரைக்கும் களை எடுக்கற கூலிய யாரு குடுப்பா?"

அதிகாரி ஏதோ சொன்னார். தாத்தா உட்காரவில்லை. அடுத்து இன்னொருத்தர், அடுத்து ஒரு பாட்டி. பேச்சு இருபது நிமிஷம், கேள்வி ஒண்ணேகால் மணி நேரம். அதிகாரி வந்த ஜீப் இருட்டிய பிறகுதான் குப்பனூர் பாதையில் இறங்கியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பி.காம் படிக்க ஊரை விட்டு வந்த பிறகு, எனக்குச் சம்பந்தமே இல்லாத வேறு ஒரு வகைப் பேச்சுகளுக்கு நான் போக ஆரம்பித்தேன். ஓவியக் கல்லூரியில் வெளியிலிருந்து வரும் கலைஞர்கள் பேசும் பேச்சுகள். என் மாமா பையன் அங்கே சிற்பம் படிக்கிறான். (எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. அவன் இன்னும் டிகிரி வாங்கவில்லை.) மலர்க் கண்காட்சிக்கு போர்டு எழுதப் போய் அப்படியே பெயிண்ட் டப்பாவோடு படிக்கப் போனவன். "யார் வேணா வரலாம்டா மாப்ள, டீயும் பிஸ்கட்டும் உண்டு" என்றான். ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிடுகிறவனிடம் இப்படிச் சொன்னால் போகாமல் இருக்க முடியுமா?

முதல் பேச்சு ஒரு பெண் கலைஞர். வடக்கே பெரிய ஊரில் இருப்பவர், வெளிநாட்டில் எல்லாம் கண்காட்சி வைத்தவர். ஆங்கிலத்தில் பேசினார். நல்ல மனுஷி, பந்தா இல்லை. ஆனால் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை "மை ப்ராக்டிஸ்" என்றார். மாமா பையன் என் காதில், "என்னடா டாக்டர் மாதிரி ப்ராக்டிஸ்ங்கறாங்க" என்றான். எங்கள் பக்கம் ஆடிட்டர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். அதன் பிறகு அந்த வார்த்தை வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

நடுவில் தன் வேலைக்கு முன்னோடி என்று ஒரு படம் காட்டினார். வால்டர் டி மரியா என்ற அமெரிக்கக் கலைஞர் 1977-ல் நியூயார்க்கில் செய்த 'எர்த் ரூம்'. மண் அறை. மன்ஹாட்டனில் வூஸ்டர் தெரு 141-ஆம் எண் கட்டடத்தில், மாடியில், 3,600 சதுர அடி தளம் முழுக்க மண்ணைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். 22 அங்குல உயரம். சுமார் 127 டன் எடை. வெள்ளைச் சுவர், கறுப்பு மண், அவ்வளவுதான். மண்ணில் கால் வைக்கக்கூடாது, வாசலில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். மூன்று மாதத்துக்கு என்று ஆரம்பித்தது, 1980 முதல் நிரந்தரமாகவே இருக்கிறது.

படம் திரையில் நின்றுகொண்டிருக்கும்போதே மாமா பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏன்டா, அந்த மண்ணுல ஒண்ணும் மொளைக்காதா?"

"ரூமுக்குள்ளடா."

"ரூமா இருந்தா என்ன? மண்ணுதான? ஜன்னல் இருக்கு பாரு. வெளிச்சம் வருது."

பேச்சு முடிந்தது. "எனி கொஸ்டின்ஸ்?" என்றார் அந்த அம்மா. அமைதி. நூறு பேர் இருந்திருப்பார்கள், எல்லோரும் தத்தம் செருப்பைப் பார்த்தார்கள். கடைசியில் வெளியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் மைக்கை வாங்கி ஆறு நிமிஷம் பேசினார், அதில் கேள்வி எதுவும் இல்லை. (இந்தப் பெரியவர் எல்லா ஊரிலும் இருக்கிறார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.) மறுபடி அமைதி. மாமா பையன் கை பாதி உயர்ந்தது. "நீ இங்கிலீஷ்ல கேளுடா எனக்காக" என்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "சும்மா இரு மச்சான், மானத்த வாங்காத" என்றேன். கை இறங்கிவிட்டது. நன்றி சொல்லி, பொன்னாடை போர்த்தி, டீ கொடுத்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் போனில் அந்த மண் அறையைத் தேடிப் படித்தேன். மண் உயிரோடுதான் இருக்கிறதாம். வாரா வாரம் தண்ணீர் தெளிக்கிறார்கள், வாரியால் இழுத்துச் சமப்படுத்துகிறார்கள். காளான் முளைத்ததுண்டு, முளைத்தால் பிடுங்கிவிடுகிறார்கள். 1989-லிருந்து முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரே மனிதர், பில் டில்வொர்த், அவரும் ஓவியர்தான், அந்த அறையைப் பார்த்துக்கொண்டார். ஆக, அந்த ஹாலில் இருந்த நூறு பேரில் சரியான கேள்வி ஒருத்தனிடம்தான் இருந்தது. மண்ணை மண்ணாகப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் கையை நான்தான் இறக்கிவிட்டேன். இன்கம் டாக்ஸ் செக்‌ஷன் எல்லாம் மனப்பாடம் செய்கிறவனுக்கு மானம் எதில் போகும் என்பது தெரியவில்லை.

இதற்குப் பரிகாரமாக என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கலைஞர்கள் ஏன் கல்லூரிகளுக்கு வந்து பேசுகிறார்கள் என்று கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன். பழைய பழக்கம்தான். லண்டனில் ராயல் அகாடமி ஆரம்பித்த மறு வருஷம், 1769-லிருந்து, அதன் தலைவர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் மாணவர்களுக்கு உரை நிகழ்த்தத் தொடங்கி, 1790 வரை பதினைந்து உரைகள் கொடுத்திருக்கிறார். அவை புத்தகமாக வந்தபோது, அங்கே படித்த வில்லியம் பிளேக் தன் பிரதியின் ஓரமெல்லாம் திட்டித் திட்டி எழுதி வைத்தார். கேள்வி நேரத்தில் கேட்க முடியாததை எல்லாம் மார்ஜினில் கேட்டிருக்கிறார் போல.

நம் நாட்டிலும் உண்டு. வியன்னாவில் படித்த கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ், தாகூர் அழைத்து சாந்திநிகேதனுக்கு வந்தவர். 1922-ல் கலாபவன் மாணவர்களுக்கு ஐரோப்பியக் கலையைப் பற்றி, பழைய கோதிக் தேவாலயங்களில் ஆரம்பித்து அப்போதுதான் நடந்துகொண்டிருந்த டாடா வரை பாடம் எடுத்தார். (டாடா என்றால் ஜாம்ஷெட்பூர் இல்லை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன் :-) ) அதே வருஷம் டிசம்பரில் கல்கத்தாவில் பவ்ஹவுஸ் கலைஞர்களின் படங்கள் கண்காட்சிக்கு வந்தன. க்ளீ, காண்டின்ஸ்கி எல்லாம். படத்துக்கு முன்னால் பேச்சு வந்துவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜெர்மனியின் ஜோசப் பாய்ஸ் கதை. 1965 நவம்பரில் டுஸ்ஸல்டார்ஃபில், முகம் முழுக்கத் தேன் தடவி அதன் மேல் தங்கத் தாள் ஒட்டிக்கொண்டு, செத்த முயல் ஒன்றைக் கையில் ஏந்தி, காலரிக்குள் ஒவ்வொரு படமாகக் கொண்டுபோய் அதன் காதில் விளக்கிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம். கதவைப் பூட்டியாகிவிட்டது, ஜனங்கள் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். முதலில் படித்தபோது கிறுக்கு என்றுதான் தோன்றியது. பிறகு எங்கள் ஹாலை நினைத்துப் பார்த்தேன். உள்ளே ஒருவர் விளக்குகிறார், முயல் கேட்கிறது, நாங்கள் கண்ணாடிக்கு வெளியே. இதை மாமா பையனிடம் சொன்னபோது "நாம வெளிய நிக்கறவங்க இல்லடா, நாமதான் முயல்" என்றான்.

சென்னை எழும்பூர் ஓவியக் கல்லூரி விஷயம் வேறு மாதிரி. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850-ல் ஆரம்பித்தது. நாடு முழுக்க இந்த மாதிரிப் பள்ளிகளுக்கு இது மூத்த அக்கா. ஆரம்பத்தில் கைத்தொழில் கற்றுக்கொடுத்தார்கள். மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் அதன் முதல் இந்திய முதல்வர். அவருக்குப் பிறகு 1957-ல் கே.சி.எஸ். பணிக்கர் வந்தார். பணிக்கர் கவனித்த ஒரு விஷயம் எங்கள் காமர்ஸ் மூளைக்கு ரொம்ப நெருக்கம். நன்றாக வரைகிற பையன்கள் படிப்பு முடிந்ததும் சோற்றுக்காக வரைவதை விட்டுவிடுகிறார்கள். அதற்கு அவர் உரை நிகழ்த்தவில்லை. மாணவர்களோடு சேர்ந்து பாத்திக் துணி செய்து விற்று, அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கினார். 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் வந்தது. பகலில் கொஞ்ச நேரம் விற்பதற்கு, மிச்ச நேரம் வரைவதற்கு. வெளிநாட்டுக் கலைஞர்கள் அங்கே வந்து தங்கி, வேலை செய்து, பேசிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் உட்கார்ந்து உளி பிடிக்கும்போது கேள்வி தானாக வரும், மைக் வேண்டாம் என்று நினைக்கிறேன். எங்கள் பாடப் புத்தகத்தில் கூட்டுறவு பற்றிய அத்தியாயத்தில் அமுல் இருக்கிறது, சோழமண்டலம் இல்லை. சேர்க்கலாம்.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஆதிமூலம் எந்த மேடை விளக்கமும் இல்லாமல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தவர். ஜூனியர் விகடனில் கி.ரா. எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர்தான் படம். மாமா அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்திருக்கிறார். கறுப்புக் கோடு, கோட்டுக்குள் கோடு, அதற்குள் ஒரு சம்சாரி மூஞ்சி. மாடர்ன் ஆர்ட் புரியாது என்று சொல்கிற மாமா அந்தப் படங்களைப் பார்த்து ஒரு நாளும் புரியவில்லை என்று சொன்னதில்லை. அது மாடர்ன் ஆர்ட் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வருவோம்.

இரண்டாவது பேச்சு சில மாதம் கழித்து. தெற்கத்திச் சிற்பி ஒருவர். தமிழில் பேசினார். கல் என்ன விலை, கிரேன் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, அட்வான்ஸ் வாங்காமல் கல்லில் கை வைத்து எப்படி ஏமாந்தார் என்றெல்லாம் சொன்னார். முடித்ததும் பத்து கைகள் எழுந்தன. நான் வெற்றிப் பெருமிதத்தோடு மாமா பையனைப் பார்த்தேன். "பாத்தியா, தமிழ்ல பேசினா எல்லாரும் கேக்கறாங்க."

"தமிழ்னால இல்லடா. காசப் பத்திப் பேசினாரு, அதான்."

அதோடு நிற்கவில்லை. இவருடைய சிற்பங்கள் தனக்குப் பிடிக்கவில்லை என்றான். எல்லாம் ஹோட்டல் வாசலுக்குச் செய்தது மாதிரி இருக்கிறது, போன தடவை வந்த அந்த அம்மாவின் வேலைதான் இன்னும் மனசில் நிற்கிறது என்றான். பாதி புரியவில்லை, ஆனாலும் நிற்கிறது. நான் மொழிப் பிரச்சினை என்று ஒரே வரியில் முடித்து வைத்திருந்தேன், அவன் அதைப் பிரித்துப் போட்டுவிட்டான். புரிந்தது பிடிக்கவில்லை, பிடித்தது புரியவில்லை. இதற்கு எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

மூன்றாவது பேச்சு போன பருவத்தில். இந்தத் தடவை ஒரு ஐரோப்பியப் பெண்மணி. கைவிடப்பட்ட ஒரு தொழிற்சாலை முற்றத்தை அப்படியே விட்டுவிட்டு, அதில் தானாக முளைப்பதை வருஷக்கணக்கில் படம் எடுத்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்திலிருந்து. அழகாக இருந்தது. முதலில் பாசி, பிறகு புல், பிறகு ஏதோ மஞ்சள் பூ, பிறகு ஆள் உயரப் புதர். நடுவில் ஒரு பாதை மட்டும் வருஷா வருஷம் சுத்தமாக இருந்தது.

கேள்வி நேரம். செருப்பு. அமைதி. பெரியவர் வரவில்லை போலிருக்கிறது.

"மச்சான், கேளு" என்றேன். "நான் சொல்றேன் இங்கிலீஷ்ல."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பழைய பாக்கி எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு எழுந்தான். மைக் வந்தது. "மேடம், தானா வளருதுன்னு சொல்றீங்க. ஆனா பாதை மட்டும் சுத்தமா இருக்குது. எது களைன்னு யாரு முடிவு பண்றது? யாரு புடுங்கறது?"

எனக்கு வேர்த்துவிட்டது. களைக்கு அந்த நேரத்தில் ஆங்கிலம் வரவில்லை. பி.காம் மூன்றாம் வருஷம், களைக்கு ஆங்கிலம் வரவில்லை! பாதையை யார் க்ளீன் செய்கிறார்கள் என்று கேட்டு வைத்தேன். அந்த அம்மா நகராட்சி, குப்பை, பாதுகாப்பு விதி என்று ஏதோ சொன்னார். நான் உட்காரப் பார்த்தேன்.

"டேய், நான் க்ளீனிங் கேக்கலடா" என்றான் மைக்கிலேயே. பிறகு நேராக அவரைப் பார்த்து, "வீட், மேடம். வீட். ஹூ டிசைட்?"

ஹால் மொத்தமும் வெடித்துச் சிரித்தது. அந்த வார்த்தைக்கு ஹாஸ்டல் பையன்களுக்கு வேறு அர்த்தம்தான் தெரியும். அந்த அம்மாவும் சிரித்தார். அவன் மட்டும் சிரிக்கவில்லை. நின்றுகொண்டே குனிந்து, தரையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி ஓரமாக வீசுவது மாதிரி செய்து காட்டினான். அவன் கை செய்தது தோட்டத்துக் கை. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, அங்கே பக்கத்தில் குடியிருக்கும் ஒரு வயதான ஆள் வருவார், அவர் நடப்பதற்காக அந்தப் பாதையில் முளைப்பதைப் பிடுங்குவார், எதை விடுவது எதைப் பிடுங்குவது என்று அவர்தான் முடிவு செய்கிறார், நான் தலையிடுவதில்லை என்றார். இதை நான் ஒழுங்காகவே மொழிபெயர்த்தேன்.

"அவரு பேரு படத்துல வருதா?"

இல்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். சமாளிக்கவில்லை, காரணம் சொல்லவில்லை, குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கிருந்தோ ஒரு பெண் எழுந்து தமிழிலேயே கேட்டாள், பக்கத்திலிருந்தவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு இன்னொருவன். டீ ஆறிப்போய்விட்டது, யாரும் கவலைப்படவில்லை.

லீவுக்கு இரண்டு பேரும் ஊருக்கு வந்தோம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு, அதற்கு மேல் கொட்டச்சேடு பஸ். தாத்தா தோட்டத்தில் உண்ணிச்செடி புதர் மாதிரி மண்டிக் கிடந்தது. மூன்று நாள் வெட்டினோம். சில்வர் ஓக்கில் ஏறியிருந்த மிளகுக் கொடியை அது தொட ஆரம்பித்திருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் சோறு சாப்பிட உட்கார்ந்தபோது மாமா பையன் போனில் அந்த மண் அறைப் படத்தைத் தாத்தாவிடம் காட்டினான்.

தாத்தா போனைத் தூரமாகப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். "மண்ணு நல்லா இருக்குது. உரம் போட்டாங்களா?"

"இல்ல தாத்தா. ஒண்ணும் வெக்கலை. சும்மா மண்ணுதான். 1977-லேர்ந்து இருக்குது."

"மொளைக்குமே?"

"மொளைச்சுது. காளான். புடுங்கிடறாங்க."

"புடுங்கறவனுக்கு எவ்வளவு கூலி?"

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் தெரியவில்லை.

"அதக் கேக்காம என்னத்தடா படிக்கறீங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மாமா பையன் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான், "அடுத்த பேச்சுக்கு நீ கேளு மாப்ள. கணக்கு உன் டிபார்ட்மென்ட்டு."